கடைசிக் கல்லில் தொங்கிய சுரைக்குடுக்கை

எனக்குத் தண்ணீர் கேட்க வராது. வழி கேட்கவும் வராது, கடையில் பாக்கிச் சில்லறை கேட்கவும் வராது. ஆனால் தண்ணீர் கேட்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். யாராவது தாங்களாகவே வந்து "தண்ணி வேணுமா?" என்று கேட்டாலும், நான் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் "வேணாம்" என்று சொல்லிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும்போதும் அதையேதான் சொல்லும். இந்தப் பழக்கத்தால் என் உடம்பு கெட்டது. அதைச் சரிசெய்ய நான் ஒரு சுரைக்காயோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அந்தக் கதைதான் இது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

1991ஆம் வருடம். ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் ஒரு கம்பெனி நிலம் வாங்கிப் போட்டிருந்தது. அதைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டும் வேலைக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது.

வேலை ஆளுக்கு ஒரு குழி. எட்டடிக்கு ஒன்று, இரண்டரை அடி ஆழம். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரையைப் போட்டால் தீப்பொறி பறக்கும், கைவழியே அதிர்வு தோள்வரை ஏறும். தண்ணீர் டிரம் வடக்குப்பட்டுப் பக்கம் ஓலைக் கொட்டகையில் இருந்தது. வேலி வளர வளர நாங்கள் டிரம்மை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தோம். ஒரு மாதத்தில் கொட்டகை கைப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

தண்ணீர் கொண்டுவர ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயது இருக்கும். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, இடுப்பில் பிளாஸ்டிக் குடமும் கையில் ஒரு டம்ளருமாக வருவார். யார் "அக்கா, தண்ணி!" என்று கத்துகிறார்களோ அவர்களிடம் போவார். கத்தாதவனுக்குத் தாகம் இல்லை என்று அர்த்தம். அது நியாயம்தானே? கடைசிக் குழிகளில் இருப்பவர்கள் நன்றாகக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே குடம் காலியாகி அவர் திரும்பிவிடுவார். நான் எப்போதும் கடைசிக் குழியில் இருந்தேன். ஆட்கள் குறைவாக இருக்கும் இடம் என்பதால் அதை நானே தேடிப் பிடித்திருந்தேன்.

எனக்குப் பக்கத்துக் குழிக்காரன் தெற்கத்திக்காரன், ராமநாதபுரம் பக்கம். அவனுக்கு மைக் தேவையில்லாத தொண்டை. அவன் கத்தி, அக்கா வந்து ஊற்றுவார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மாப்ள, குடிக்கிறியா?" என்பான்.

"வேணாம்."

"ஒட்டகத்துக்குப் பொறந்தவன்யா இவன்" என்று அக்காவிடம் சொல்வான். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

தை மாதம் ஒருநாள் பதினோரு மணிக்கு என் முதுகின் இடப்பக்கம் யாரோ கடப்பாரையைச் செருகியதுபோல் இருந்தது. குழியிலேயே உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன். அப்புறம் மண்ணைக் கடித்தேன். சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. கல் ஏற்றி வந்த டிராக்டரில் என்னைப் போட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வயதானவர். "இன்னா வேல பண்ற?" என்று கேட்டார்.

"கல்லு நடற வேல சார்."

"உள்ளயும் ஒண்ண நட்டு வச்சிக்கிற. தண்ணி குடிக்கிறியா இல்லியா?"

அவர் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, விரலை நீட்டிச் சொன்னார்: "இது சின்னது, தானா எறங்கிடும். வெயில்ல வேல செய்யறவன், மணிக்கு ஒருவாட்டி தண்ணி குடிக்கணும். மறுபடி இதே மாதிரி வந்தா அறுத்துத்தான் எடுக்கணும், தெரியுதா?"

நாலு நாள் கழித்து வேலைக்குப் போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேய், இன்னொருவாட்டி குழியில படுத்தீன்னா வேற ஆளப் போட்டுருவேன். எனக்கு வேலி ஓடணும்."

இதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்காக யாரையும் கூப்பிடவும் என்னால் முடியாது. அப்படியானால் தண்ணீர் என் இடுப்பிலேயே இருக்க வேண்டும். இதை முடிவு செய்துகொண்டேன். பிறகு அதிலிருந்து மாறவில்லை.

முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுபோனேன். ரோட்டோரம் கிடந்த பிராந்திப் பாட்டில்தான், நன்றாகக் கழுவி வெயிலில் வைத்து எடுத்தது. காலையில் ஒரு மடக்கு குடித்தபோது மேஸ்திரி பார்த்துவிட்டார். நேராக வந்து பிடுங்கி மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"வாசன வராத சரக்கா?" என்றார்.

தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வரிசையே சிரித்தது. "ஊமையா கீறவன் எல்லாம் உள்ளுக்குள்ள இப்பிடித்தான்" என்று ஒருவன் சொன்னான். மறுநாள் அதை நான் எடுத்துப் போகவில்லை. அடுத்து ஒரு மண் கூஜா. இரண்டாம் நாளே தெற்கத்திக்காரனின் கடப்பாரை நழுவி விழுந்து உடைந்தது. மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்த என் மச்சான் வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்தான். எத்தனை முறை கழுவினாலும் அதில் ஊற்றிய தண்ணீரில் பெயின்ட் கடை வாசனை. வெயில் ஏறினால் தண்ணீர் கொதிக்கும். குடித்து வாந்தி எடுத்தேன். கேனை மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொண்டாள் என் மனைவி.

அன்று மாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஆடியில் என் மனைவி ஊன்றிய சுரைக்கொடி கூரையெல்லாம் படர்ந்து, காய்த்து ஓய்ந்து, காய்ந்துகொண்டிருந்தது. விதைக்காக இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டிருந்தாள். இரண்டும் இடுப்புச் சிறுத்த குடுக்கைச் சுரை. சின்ன வயதில் நாங்கள் கிணற்றில் நீச்சல் பழகியது முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டுதான். எத்தனை மணி நேரம் மிதந்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. தண்ணீரை உள்ளே விடாத ஓடு, வெளியேயும் விடாது.

"மே, அந்த ரெண்டு சொரக்காயும் எனக்கு வேணும்" என்றேன்.

"இன்னாத்துக்கு? அது வெதைக்கு வுட்டது."

"வெத உனக்கு. ஓடு எனக்கு."

"ஓட்ட வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? பிச்ச எடுக்கப் போறியா?"

"தண்ணி எடுத்துக்கினு போவறதுக்கு."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா தண்ணின்னு ஒரு வார்த்த கேக்கறதுக்கு பதிலா ஒரு மனுசன் சொரக்கா காய வைக்கிறானே! ஊர்ல சொன்னா நம்புவாங்களா?"

"நீ ஊர்ல சொல்லாத" என்றேன்.

காய் முற்றியதா என்று பார்க்க நகத்தால் அழுத்த வேண்டும். நகம் இறங்கினால் பிஞ்சு, காய வைத்தால் அழுகும். ஏணி போட்டு ஏறி அழுத்தினேன். இறங்கியது. பத்து நாள் கழித்து மறுபடி ஏறினேன். நகம் வழுக்கியது, காம்பும் காய்ந்திருந்தது. காம்போடு சேர்த்து அறுத்து, வெயில் படாமல் வீட்டுக்குள் மூங்கில் வாரையில் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

காய்வதற்கு மாசி முழுக்க ஆனது. மேலே கருப்பாகப் பூஞ்சை பூத்தது. "பொணம் தொங்கற மாதிரி கீது" என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். துணியால் துடைத்துத் துடைத்து விட்டேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை கையில் தாங்கி எடை பார்ப்பேன். கல்லாக இருந்தது கட்டையானது, கட்டை காற்றானது. ஒரு நாள் ஆட்டியபோது உள்ளே விதை கலகலவென்றது.

அதுவரை நான் எப்படிச் சமாளித்தேன் என்றால், காலையில் கிளம்பும் முன் மூன்று சொம்பு குடித்தேன். மத்தியானச் சோற்று நேரத்தில் எல்லாரும் நிழலில் சாய்ந்த பிறகு கொட்டகைவரை நடந்துபோய், ஆள் இல்லாத டிரம்மில் மொண்டு குடித்துவிட்டு ஓடி வந்தேன். இடுப்பில் வலி இருந்துகொண்டேதான் இருந்தது, கயிறு கட்டிய நாய்போல, அவிழ்த்தால் பாயும் என்று.

பங்குனி பிறந்ததும் முதல் காயை எடுத்தேன். ஆக்சா பிளேடால் கழுத்தை அறுத்தேன். வேலிக்கம்பித் துண்டை வளைத்து உள்ளே விட்டு விதைகளைக் கிண்டி எடுத்தேன். என் மனைவி மடியில் வாங்கிக்கொண்டாள். காய்ந்த சதை உள் ஓட்டில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தது. அது போனால்தான் தண்ணீர் நாறாது. தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தேன். பிறகு உள்ளே கல் போட்டுக் குலுக்க வேண்டும். கல்லுக்கா பஞ்சம்? வேலை இடத்தில் தூணுக்கு அடியில் போட முக்கால் இஞ்ச் ஜல்லி குவிந்திருந்தது. இரண்டு கைப்பிடி கொண்டுவந்து போட்டு, கை வலிக்கும்வரை குலுக்கினேன். சதை கஞ்சிபோல் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னும் சுத்தமாகட்டும் என்று இன்னும் குலுக்கினேன்.

நிரப்பித் தொங்கவிட்டேன். காலையில் கீழே தரை ஈரமாக இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அடியில் ஊசி ஊசியாக நாலு ஓட்டை. கிரஷரில் உடைத்த ஜல்லிக்கு ஒவ்வொரு பக்கமும் கத்தி. பெரிய பெரிய தூணைத் தாங்குகிற கல், அதைக் கொண்டுபோய் ஒரு காயின் வயிற்றில் போட்டு ஆட்டியிருக்கிறேன். சைட்டில் கிடப்பதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைக்கும் புத்தி அப்போது எங்கள் எல்லாருக்குமே இருந்தது.

என் மனைவி ஓட்டைகளைப் பார்த்தாள். நான் கிண்டலுக்குத் தயாரானேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தாள். புளி உடைத்தபோது சேர்த்து வைத்த புளியங்கொட்டை.

"இதப் போட்டுக் குலுக்கு. வழவழன்னு கீது, ஓட்டக் கிழிக்காது. இன்னொண்ணுதான் கீது, பாத்துக்க."

இரண்டாவது காயை நான் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பார்த்துக்கொண்டேன். புளியங்கொட்டையும் சலித்த ஏரி மணலும் போட்டு, நாளுக்குக் கொஞ்சம்தான் குலுக்கினேன். தண்ணீரைத் தினம் மாற்றினேன். மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிவைத்தேன். முதலில் நாற்றம். பிறகு நாற்றம் போய்க் கசப்பு. கசக்கிற சுரை ஆளைக் கொல்லும் என்பார்கள். இதே கொடியில் காய்த்த மற்ற காய்களைச் சாம்பாரில் தின்றவர்கள்தான் நாங்கள், அதனால் காயில் விஷம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கசப்பு போகாமல் வைத்துக் குடிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். எட்டு நாள் நக்கிப் பார்த்துத் துப்பினேன்.

ஒன்பதாம் நாள் என் மனைவி குடுக்கையைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் பாக்கறேன். நீ கசந்தாலும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவ."

அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "மரப்பொட்டி வாசன கொஞ்சம் வருது. கசப்பு இல்ல" என்று சொல்லி, இன்னொரு மடக்கும் குடித்தாள்.

கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவி மூடி செய்தேன். சாக்குச் சணலைத் திரித்து, முள்கம்பியைத் தூணில் கட்டுகிற அதே முடிச்சால் ஒரு வலை போட்டேன். காய்க்கு இடுப்பு இருந்ததால் வலை நழுவவில்லை. தோளில் மாட்டினால் சரியாக இடுப்பில் வந்து உட்கார்ந்தது. மூன்று சொம்புக்குமேல் பிடித்தது.

யாரிடமும் பேசாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு போனேன், வரிசை முழுக்க என்னிடம் பேசியது.

"சாமியாரே, ஆசீர்வாதம் பண்ணு!"

"கள்ளு எறக்கிக்கினு வரியாடா?"

தெற்கத்திக்காரன் குழியிலிருந்து ஏறி வந்து என்னைச் சுற்றி வந்தான். "என்ன மாப்ள, காசிக்கா? சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்ட?"

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். பிராந்திப் பாட்டிலை முகர்ந்த அதே மூக்கு. மூடியைத் திறந்து முகர்ந்தார். சந்தேகம் தீராமல் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி குடித்தார்.

"தண்ணிதான்டா. இன்னாடா இவ்ளோ ஜில்லுனு கீது! பானத் தண்ணி தோத்துடும்போல."

அது போதாதா? ஆளுக்கு ஒரு வாய் என்று குடுக்கை கை மாறிக்கொண்டே போனது. அது திரும்பி வந்தபோது காற்றுபோல் இருந்தது. மணி ஒன்பதரை. எனக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை. வாங்கிக் குடித்தவர்களிடம் "எனக்கு வேணும்" என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு இடப்பக்கம் வலி எழுந்தது. முதலில் ஒரு கிள்ளு, பிறகு ஒரு அழுத்தம். இது எனக்குத் தெரிந்த வலி. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி தூரத்தில் கம்பி இழுக்கிறவர்களோடு இருந்தார். அப்போது அக்கா வந்தார். தெற்கத்திக்காரன் கத்தினான், குடித்தான். அக்கா என் பக்கம் திரும்பி, "உனுக்கு வேணுமா தம்பி?" என்றார்.

"வேணாம்" என்றது என் வாய்.

அவர் குடத்தோடு திரும்பி நடந்தார். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மாதம் ஒரு காயை நகம் வைத்துப் பார்த்து, துடைத்து, கழுவி, கசப்பு எடுத்தவன், ஒரு வார்த்தைக்காகக் குழியில் விழப் போகிறேனா? கடப்பாரையைப் போட்டேன். குடுக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

கூப்பிட்டிருக்கலாம். வரவில்லை. பத்தடி இடைவெளியில் நடந்தேன். அவர் வேகமாக நடந்தால் நானும் வேகமாக நடந்தேன், நின்று முந்தானையைச் செருகினால் நானும் நின்றேன். முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சுரைக்குடுக்கையோடு. குழிகளிலிருந்து தலைகள் எழுந்து பார்த்தன. "டேய், அக்காகிட்ட பிச்ச கேக்கப் போறான்டா!" என்று ஒருவன் கூவினான். காது கொதித்தது. திரும்பாமல் நடந்தேன். கொட்டகை மெல்ல மெல்லப் பெரிதானது.

டிரம் பக்கத்தில் வந்துதான் அவர் திரும்பினார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். "அட, இன்னாத்துக்கு நெழலு மாதிரி பின்னாலயே வர?"

குடுக்கையை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், முதுகில் இருந்த கையைப் பார்த்தார். "வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா? வேணாம்னு சொன்னியே இப்பதான்!"

"வேணும்" என்றேன். என் காதுக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

முதலில் டம்ளரில் மொண்டு கொடுத்தார். நாலு டம்ளர் குடித்தேன். பிறகு குடுக்கையை டிரம்மில் அமுக்கி, குமிழ் விட்டு நிரம்பும்வரை பிடித்திருந்தார். "ஏன் தம்பி, இத எங்க வாங்கின?" என்றார்.

"செஞ்சது."

"எனக்குக் கத்தறவன் மட்டும்தான் தெரிவான். நீ ஒண்ணு பண்ணு. இது காலியாச்சுன்னா நட்ட கல்லுல மாட்டி வையி. இங்கருந்து பாத்தா தெரியும். நான் வரேன்."

அப்படியே செய்தேன். தண்ணீர் இருக்கும்போது குடுக்கை என் இடுப்பில் இருக்கும். தீர்ந்தால் கடைசியாக நட்ட தூணின் தலையில் தொங்கும். கல்லுக்கு மேலே பழுப்பாக ஒரு உருண்டை, வெட்டவெளியில் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். அக்கா நேராகக் கடைசிக் குழிக்கு வந்து, அங்கிருந்து திரும்பி மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். கத்திக் கத்திப் பழகிய தெற்கத்திக்காரனுக்கு இது பொறுக்கவில்லை. "நான் தொண்ட கிழியக் கத்துறேன், இவன் சொரக்காயத் தொங்கவிட்டு உக்காந்திருக்கான். எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு மாப்ள" என்றான்.

ஆளுக்கு ஒரு வாய் கேட்டவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து நான் கொடுக்கவில்லை. குடுக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. மேஸ்திரிக்கு மட்டும் காலையில் ஒரு வாய்.

அன்று எழுந்த வலி மாலைக்குள் அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் குழியில் படுக்கவில்லை. சித்திரை வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், நான் விழவில்லை. வேலி சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தபோது, கடைசித் தூணை நட்டு மண்ணை இடித்து இறுக்கியது நான்தான். கொட்டகை இருபதடியில் இருந்தது. டிரம்மைக் கையை நீட்டினால் தொடலாம்போல. இருந்தாலும் குடுக்கையை அந்தத் தூணில் மாட்டினேன். அக்கா குடத்தோடு வந்து சிரித்துக்கொண்டே நிரப்பினார்.

ஆடியில் என் மனைவி விதை ஊன்றினாள். தையில் பார்த்தபோது கூரைமேல் மூன்று காய்களைப் பறிக்காமல் விட்டிருந்தாள். போன வருடம் இரண்டுதான் விட்டிருந்தாள். இரண்டு விதைக்கு, மூன்றாவதன் ஓடு எனக்கு என்று கேட்காமலே தெரிந்தது. ஏணியைச் சாத்தி ஏறி, மூன்றாவதை நகத்தால் அழுத்தினேன். நகம் இறங்கவில்லை.